கழுத்தறுத்தான்

சித்திரை வெயிலைப் பற்றி அன்னூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வருஷத்து வெயில் அவர்களுக்கே புதிதாக இருந்தது. பொழுது கிளம்பிச் சற்று நேரத்துக்கெல்லாம் இட்டேரித் தடத்துப் புழுதி காலைச் சுட்டது. கிளுவை வேலி இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. பாலுசாமிக் கவுண்டர் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் கொஞ்சம் தண்ணீர் வந்து, அப்புறம் காற்றுத்தான் வந்தது. அப்படி ஒரு நாளில்தான், கவுண்டர் தோட்டத்தில் தக்காளி பறித்துவிட்டு உச்சிப்பொழுதில் உருமச் சோற்றுக்கு வீடு திரும்பிய பழனியாத்தாள், வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கோழிக் கொடாப்பைத் தூக்கினாள்.

உள்ளே ஒன்றும் அசையவில்லை. கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை அகல விரித்து, மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. சேவல் மட்டும் மூங்கில் சிம்புகளுக்கு நடுவே மூக்கை வெளியே நீட்டியபடி செத்திருந்தது. காலையில் அவள் கொடாப்பைக் கவிழ்த்தபோது அந்த இடத்தில் நல்ல நிழல் இருந்தது. தெருநாய் ஒன்று கோழி பிடிக்கப் பழகியிருந்ததால் அடைத்துவிட்டுப் போனாள். நிழல் அவள் வரும்வரை காத்திருக்குமா? அது பாட்டுக்கு நகர்ந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

பின்னாலேயே வந்த அவள் புருஷன் காளிச்சாமி, தோளில் கிடந்த மண்வெட்டியை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"சீக்கு உழுந்திருச்சா புள்ளே?"

"சீக்கில்லீங்க. சீக்குன்னா வெள்ளையாக் கழிஞ்சிருக்கோணும். பாருங்க, எச்சமெல்லாம் கெட்டியாத்தான் கெடக்குது. வெயிலுதான் அடிச்சுப்போட்டுது."

"இத்தனையுமா?"

"ஒண்ணு தப்பலீங்க."

காளிச்சாமி குனிந்து சேவலைத் தூக்கினான். கழுத்தைச் சுற்றிச் செம்பட்டை மயிர் கொத்துக்கொத்தாக அடர்ந்திருந்தது. "இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்தா எப்படிப் பொழைக்கும்? இதுகளுக்கு இத்தன மயிரு எதுக்கு?" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமென்று அவனுக்குப் பட்டது. "போச்சாது உடு. குழி தோண்டறேன்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

அந்த மயிருக்காகத்தான் அவள் அந்தக் கோழிகளை வாங்கினாள். போன ஐப்பசியில் சந்தைக்குப் போனவள், கோழி வியாபாரி சீனிவாசலுவின் கூடைகளையெல்லாம் கிளறி, கழுத்து மூடிய பெருவிடைகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். சீனிவாசலுவுக்கு ஆச்சரியம்.

"எல்லாரும் காலப் பாப்பாங்க, கொண்டையப் பாப்பாங்க, தூக்கிக் கனம் பாப்பாங்க. நீ என்னம்மா கழுத்தையே பாக்கறே? பெருவிடை மார்கழிக்கு நல்லாருக்கும். ஒடம்பு பெருசு, மயிரும் அதிகம், கோடைக்கு ஆவாது. சிறுவிடை கொண்டு போ. இல்லீன்னா கழுத்தறுத்தான் ரெண்டு புடிச்சுத் தாரேன். கழுத்து வெறுமையா இருக்கறதாலதான் சூடு தங்காது, நல்லா முட்டையும் போடும்."

"அந்தப் பேர எங்கிட்டச் சொல்லாதீங்க. கழுத்து மூடுனதாக் குடுங்க, போதும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, கேட்டதை வாங்கிக்கொண்டு வந்தாள். வியாபாரிக்கு என்ன தெரியும், அவன் சொன்ன பேர் எந்த இடத்தில் போய்க் குத்துமென்று.

மருமகள் மெர்சி வந்தபோது வந்தது அந்தக் கழுத்தறுத்தான் கோழி. பழனியாத்தாளின் ஒரே மகன் எழில் போத்தனூரில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் மெர்சியைப் பார்த்தான். சர்ச்சில் ஒரு தடவையும் மாகாளியம்மன் கோயில் வாசலில் ஒரு தடவையுமாகக் கல்யாணம் நடந்தது. முதலில் பழனியாத்தாளுக்கு முகம் கோணத்தான் செய்தது. ஆனால் வந்த பெண் அதிகாலையில் எழுந்து வாசல் தெளித்தாள், மாமியாரோடு களை வெட்டப் போனாள், ராத்திரி அவள் காலைப் பிடித்துவிட்டாள். மூன்று மாதத்தில் பழனியாத்தாள், "என்ற மருமவளாட்ட ஆருக்கு வாய்க்கும்?" என்று ஊருக்குள் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தாள்.

மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மெர்சியின் அம்மா சின்னாத்தாள், வேறு சீர் செய்ய வகையில்லாமல், ஒயர்க் கூடையில் ஒரு பெட்டையைப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். கருத்த உடம்பு. கழுத்தில் ஒரு மயிர் கிடையாது, செக்கச் செவேலென்று மொட்டை. "கொழம்புக்குப் பாதி வேலைய முடிச்சே அனுப்பியிருக்காங்களே சம்மந்தி" என்று காளிச்சாமி சிரித்தான். "ஓ, கழுத்தறுத்தானா!" என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஊரில் அதற்கு அதுதான் பேர். மெர்சியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

மற்றக் கோழிகள் உருமத்தில் இரைத்துக்கொண்டு சுவரோரம் படுத்துவிடும். மொட்டைக் கழுத்துக்காரி வெயிலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பாள். அடை உட்கார்ந்து எழுந்தால் பின்னால் ஒரு பட்டாளம் வரும். அதில் பாதி மொட்டைக் கழுத்து, பாதி மூடிய கழுத்து. மெர்சி உண்டானபோது அந்தக் கோழியின் முட்டையைத்தான் பழனியாத்தாள் அவித்துக் கொடுத்தாள்.

புரட்டாசியில் பிரசவம். பெண் குழந்தை. வரும்போதே உயிரில்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. "ஆரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. சில பேருக்கு இப்படி ஆயிருது" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் காரணம் இல்லாத சாவை எந்த ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது?

மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வீட்டு மயிலாத்தாள்தான் ஆரம்பித்தாள். "மாகாளியாத்தாளுக்கு ஒருநாள் ஒரு வெளக்குப் போட்டிருப்பாளா? திருநீறு வெக்கப் போனா நெத்திய நவுத்திக்கிறவதானே. சாமி கேக்காம உடுமா?"

உள்ளே, சேலைத் தடுப்புக்குப் பின்னால், பால் கட்டிய மாரோடு மெர்சி படுத்திருந்தாள். பழனியாத்தாள் சேலைத் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வாயை இப்போதே அடைக்காவிட்டால் நாளைக்கு ஊரே இதைத்தான் பேசும். கைக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தாள். வாசலில் அந்தக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

"என்ற மருமவள ஆரும் ஒண்ணும் சொல்லப்படாது. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் அந்தக் கழுத்தறுத்தான் கோழியால வந்தது. புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல வெக்கற பேரா அது? அத உள்ள உட்டிருக்கவே கூடாது."

மயிலாத்தாளின் வாய் மூடிக்கொண்டது. எல்லாரும் கோழியைத் திரும்பிப் பார்த்தார்கள். கொடி சுற்றியது கழுத்தில், கோழியின் பேரும் கழுத்தறுத்தான். "அட, ஆமா" என்றார்கள். அன்றைக்கே அந்தப் பெட்டையையும் அதன் மொட்டைக் கழுத்துக் குஞ்சுகளையும் பிடித்துக்கொண்டு போய்க் கவுண்டர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, மருமகள் தப்பித்தாள் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி கோழியின் மேல்தானே போனது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

உடம்பு தேற்றிக்கொள்ள அம்மா வீட்டுக்குப் போன மெர்சி திரும்பவில்லை. பொங்கலுக்கு வருவாள் என்று பழனியாத்தாள் பார்த்தாள், வரவில்லை. எழிலும் அங்கேயே தங்க ஆரம்பித்தான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பட்டறைக்குப் பக்கத்துலயே வாடகை ஊடு பாத்திருக்கறம்மா. வைகாசி பொறந்ததும் பால் காச்சறோம். நீங்களும் அப்பனும் வந்துருங்க." விருந்துக்கு ஒறம்பரையை அழைப்பதுபோல் அழைத்துவிட்டுப் போனான். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பால் காய்ச்சிவிட்டால் அப்புறம் மகனும் மருமகளும் அவள் வாசலுக்கு விருந்தாளிகள்தான்.

கோழிகளைப் புதைத்த அன்று சாயங்காலம் பொழுதோடு அவள் கவுண்டர் தோட்டத்துக்குப் போனாள். குஞ்சு நாலு கிடைத்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். பாலுசாமிக் கவுண்டரின் சம்சாரம் தெய்வாத்தாள் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பழனியாத்தாள் களத்து ஓரத்தில் நின்றாள். அவளுக்கென்று தாவாரத்தில் செருகி வைத்திருக்கும் டம்ளரில் மோர் வந்தது. நின்றபடியே குடித்தாள்.

"எங்க கெதியக் கேளு" என்றாள் தெய்வாத்தாள். "எங்க பையன் கிருபா கோழிப் பண்ணைச் செட்டுல ஃபேன் போட்டு, சாக்க நனைச்சுக் கட்டி, என்னென்னமோ பண்றான். அப்படியும் தெனமும் செத்த பிராய்லரக் கூடை கூடையா அள்ளிக் கொட்டறாங்க. பண்ணைக் கோழி நமக்காவாது பழனியா. ஊட்டுக்குன்னா இங்கத்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகுனதத்தான் வளக்கோணும். அதா பாரு, நீ உட்டுட்டுப் போனியே, அது எப்படித் திரியுதுன்னு."

சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் அந்த மொட்டைக் கழுத்துப் பெட்டை குஞ்சுகளோடு மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. முன்னைவிடக் கொழுத்திருந்தது.

"புடிச்சுட்டுப் போ. உன்ற கோழிதானே."

"வேண்டாமுங்க. அது எங்க ஊட்டுக்கு ஆவாதுங்க."

"ஆவாதுன்னு ஆரு சொன்னது?"

பழனியாத்தாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாந்தானுங்க சொன்னேன்."

"நீ சொன்னே. உன்ற மருமவ ஊருக்குப் போற அன்னைக்கு இந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போனா, தெரியுமா? அந்த வேலியோரம் நின்னு கோழியையே பாத்துட்டு இருந்தா. என்ன அம்மணின்னு கேட்டேன். 'எங்கம்மா குடுத்துவுட்ட கோழிங்க. அந்த ஊட்டுக்கு நான் கொண்டுக்கிட்டுப் போனது அது ஒண்ணுதானுங்க. அதுதான் புள்ளயக் கொன்னுதுன்னு எங்கத்தையே சொல்லிப்போட்டாங்க'ன்னா. அழுவக்கூட இல்ல அவ."

பழனியாத்தாள் பதறிப்போய்ச் சொன்னாள்: "அவளச் சொல்லலீங்களே. மயிலா சொன்னதுக்கு மறுப்பாத்தானுங்க நான் கோழியச் சொன்னேன். அவளக் காப்பாத்தறதுக்குத்தானுங்க."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாவாதும்பாங்க. சாவாது, ஆனா வலிக்காதா?" என்றாள் தெய்வாத்தாள். "இத்தன நாளும் உனக்கு இது தெரியாதா?"

தெரியாது. நிஜமாகவே அவளுக்கு அதுவரை தெரியாது. ஊர் வாயிலிருந்து மருமகளை ஒளித்து வைத்தோம் என்று எத்தனை தடவை மனசுக்குள் மெச்சிக்கொண்டிருக்கிறாள். தாய்வீட்டிலிருந்து வந்த ஒரே சீரைக் கையில் எடுத்துத்தான் அவளை அடித்திருக்கிறோம் என்பது அந்தக் களத்து ஓரத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. கோழியை அவள் பிடிக்கவில்லை. "நாளைக்கு வேலைக்கு வர மாட்டனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினாள். காந்திபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் நின்றுகொண்டே உக்கடம் தாண்டி, போத்தனூர் போய்ச் சேர்ந்தபோது தார் ரோடு செருப்போடு ஒட்டியது. ரயில் தண்டவாளத்துக்கு அந்தண்டை, ஓட்டுவில்லை போட்ட வீடுகளில் ஒன்று சின்னாத்தாளுடையது. முருங்கை மரத்தடியில் மொட்டைக் கழுத்துக் கோழிகள் மண் குளித்துக்கொண்டிருந்தன. வாசற்படி உள்பக்கம் மெர்சி முறத்தை மடியில் வைத்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"வாங்கத்தை" என்றாள். எழுந்து நின்றாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், மறுபடி உட்கார்ந்து முறத்தைப் பார்த்துக்கொண்டாள். மரியாதையில் ஒரு குறையுமில்லை. அதுதான் பழனியாத்தாளைப் பயமுறுத்தியது.

சின்னாத்தாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏஞ் சம்மந்தி, இந்த வெயில்ல இத்தன தூரம்? மாப்ள எழிலு ஏதாச்சும் சொல்லியுட்டாருங்களா?"

"இல்லீங்க சம்மந்தி. நானாத்தான் வந்தேன். கோழியெல்லாம் வெயில்ல செத்துப்போச்சுங்க. பெருவிடை, தாங்கல. புதுசா வளக்கோணும். அதான் உங்ககிட்டக் குஞ்சு கேட்டுப் போலாமின்னு."

முறத்தில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. மெர்சி தலையைத் தூக்காமலே கேட்டாள்: "எந்தக் கோழி வேணுமுங்க?"

"உங்க ஊட்டுக் கோழிதான் கண்ணு."

"எங்க ஊட்டுக் கோழிக்கு உங்க ஊருல ஒரு பேரு இருந்துச்சேங்க. அதச் சொல்லிக் கேளுங்க."

சின்னாத்தாள் மகளை முறைத்தாள். மகள் பார்க்கவில்லை. சின்னாத்தாளுக்கு என்ன தோன்றியதோ, "கூடைய எடுத்துட்டு வாரேன்" என்று மரத்தடிக்குப் போய்விட்டாள்.

ஆறேழு மாதமாகப் பழனியாத்தாள் அந்தப் பேரை உச்சரித்ததில்லை. அடுத்தவர் உச்சரிக்கவும் விட்டதில்லை. ரயில் ஒன்று வீட்டையே உலுக்கிக்கொண்டு போனது. அது போகும்வரை இருந்துவிட்டுச் சொன்னாள்.

"கழுத்தறுத்தான் கோழி."

"அது உங்க வாசலுக்கு ஆவுமுங்களா?"

"ஆவும். அது ஒண்ணும் பண்ணல. அத ஆவாதுன்னு சொன்னா, மயிலா சொன்னது மறைஞ்சுரும்னு நெனச்சேன். உன்னச் சொல்ல உடாம மறிக்கறேன்னு நெனச்சுத்தான் கண்ணு கோழியச் சொன்னேன். அது உன்ற அம்மா குடுத்ததுங்கற ரோசனையே எனக்கு வரல. புத்தி கெட்டவ நான். நேத்து கவுண்டிச்சி சொல்லித்தான் தெரிஞ்சுது."

மெர்சி ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"மயிலாத்தாக்கா சொன்னதுக்கு எனக்குக் கோவமே வரலீங்க. அவங்க ஆரோ. நீங்க சொன்னீங்க. படுத்துக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன். அப்பறம் நீங்க அதையும் குஞ்சுகளையும் தொரத்திப் புடிச்சீங்க. அது கத்துன கத்து இன்னும் காதுலயே இருக்குதுங்க." முறத்தை ஒருமுறை புடைத்தாள். "அதுகூடப் போச்சாதுங்க. வந்தவங்களும் நீங்களும் சாமியப் பத்திப் பேசினீங்க, கோழியப் பத்திப் பேசினீங்க. அவளப் பத்தி, எம் புள்ளயப் பத்தி ஆரும் ஒரு வார்த்த பேசலியேங்க. எனக்குக் காட்டவும் இல்ல. தாய்க்காரி பாக்கக் கூடாதுன்னு துணியச் சுத்தி எடுத்துட்டுப் போயிட்டீங்க. அவுரும் பாக்கல. நானும் பாக்கல."

"பாத்தா உனக்குத் தாங்காதுன்னுதான் கண்ணு."

"நீங்க பாத்தீங்கல்லங்க?"

"பாத்தேன். நாந்தான் கழுவுனேன்."

மெர்சி முறத்தைக் கீழே வைத்தாள். அன்று வந்ததிலிருந்து அப்போதுதான் மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆராட்ட இருந்தா அத்தை?"

பழனியாத்தாள் தரையில் உட்கார்ந்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. காளிச்சாமிகூடக் கேட்டதில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"உன்னாட்டத்தான் கண்ணு. நெத்தி உன்ற நெத்தி, இப்படி மேடா. மூக்கு மட்டும் எங்கூட்டுச் சப்பை மூக்கு. தலை நெறைய முடி. ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் தொடச்சு ஒதுக்கியுட்டேன். கையி மூடியே இருந்துச்சு. வெரல் ஒவ்வொண்ணா விரிச்சுப் பாத்தேன், நகமெல்லாம் வளந்திருந்துது."

"கழுத்து?"

"கழுத்துல மடிப்பு மடிப்பா இருந்துச்சு. நல்லா ஊட்டமா வளந்திருந்தா உள்ள. கொடி இருந்த எடத்துல லேசாச் சேப்பா ஒரு கோடு. அவ்வளவுதான். அந்த மடிப்புக்குள்ளயெல்லாம் வெந்நியத் தொட்டுத் தொடச்சேன். நல்ல கழுத்து கண்ணு. ஒரு கொறையும் இல்ல."

மெர்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள். அவள் அழுத சத்தத்தில் மரத்தடியில் குஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்த சின்னாத்தாள் கூடையோடு ஓடிவந்து, வாசற்படியில் அப்படியே நின்றாள். பிள்ளை போனதிலிருந்து மகள் அழுது அவள் பார்த்ததில்லை. பழனியாத்தாள் நகர்ந்து போய் மருமகளின் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு தானும் அழுதாள்.

அழுது ஓய்ந்தபோது மரத்து நிழல் வாசலுக்கு வந்திருந்தது. மெர்சி மடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க வெச்சிருக்கீங்க அவள?"

"வேற எங்கயும் இல்ல. நம்மூட்டுக்குப் பின்னால, புளியமரத்துக்கு அக்கட்ட. உங்க மாமந்தான் குழி எடுத்தாரு. மேல ஒரு கல்லு வெச்சிருக்காரு."

"அங்க வெயில் படுமுங்களா?"

பழனியாத்தாள் அதை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பெண்ணிடம் இனி ஒன்றை மறைக்க இன்னொன்றைச் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

"உருமத்துல நெழலு உழுந்துரும். விடியால கொஞ்ச நேரம் படும் கண்ணு."

மெர்சி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் கையிலிருந்த கூடையை வாங்கிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து மூடியிருந்த இரண்டை எடுத்துக் கீழே விட்டாள்.

"அவுரு பட்டறையில இருந்து வரட்டுங்க, சொல்லிப்போட்டுக் கெளம்பறேன். நீங்க இருங்கத்தை, ஒட்டுக்காப் போலாம். விடியால வெயில் வாரதுக்குள்ள அங்க ஒரு ஓலையாச்சும் கட்டிப்போடோணும்."

"கட்டிப்போடலாம் கண்ணு" என்றாள் பழனியாத்தாள்.